லிப்சா தண்ணீர் கேட்டாள்

ஜூன் 8, ஞாயிறு

என் கையெழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கின்றன, சில கீழே விழுந்து கிடக்கின்றன. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இதை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டால் கொஞ்சம் தைரியமாக எழுத வருகிறது. 'ழ' எழுதும்போது நான் நாக்கை வெளியே நீட்டுகிறேன் என்று என் மனைவி பாவாத்தாள் சொல்கிறாள். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

என் பெயர் நாச்சிமுத்து. ஊர் திருப்பூர். வயது அறுபது தாண்டிவிட்டது. சாயப்பட்டறையில் பாதி ஆயுள், பிறகு ஒரு பனியன் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். போன தை மாதம் வரை எனக்கு எழுத்து தெரியாது. இப்போது தெரியும். பஸ் போர்டு படிக்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் இரங்கல் போஸ்டர் படிக்கிறேன். பாவாத்தாளின் மாத்திரை அட்டையைப் படித்துப் பார்த்தேன். சாப்பிட்ட பிறகு போட வேண்டியதை அவள் இரண்டு வருடமாக வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள கேட்டை ஒட்டி ஒரு காப்பகம் இருக்கிறது. எல்லோரும் பாப்பா ரூம் என்பார்கள். நான் கேட்டில் நின்ற காலத்தில் குழந்தைகள் கம்பிக்குள் கையை விட்டு என் விசிலைப் பிடுங்குவார்கள். வாட்ச்மேன் வேலையை ஒரு ஏஜென்சிக்குக் கொடுத்து என்னை நிறுத்தியபோது, காப்பகத்தின் ரெஜினா டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"குழந்தை வளர்ப்புல ஆறு மாசம் அப்ரண்டிஸ் பயிற்சி இருக்கு. முடிச்சா இங்கயே வேலை. ஆம்பளைங்க சேரக்கூடாதுன்னு எங்கயும் எழுதல. எழுதப் படிக்க மட்டும் தெரியணும்."

அதற்காகத்தான் கற்றேன். முதியோர் வகுப்பில் ஈஸ்வரி டீச்சர் கரும்பலகையில் 'பன்' என்று எழுதி, தேங்காய்ப் பன்னைத் தட்டுக்குக் கீழே மறைத்து வைப்பார். வாசித்தால்தான் தட்டைத் தூக்குவார். பசியோடு கற்றது மறக்கவில்லை.

பயிற்சியில் நானும் பிரவீணா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணும் மட்டும்தான். அவள் என்னை அப்பாரு என்று கூப்பிடுகிறாள். எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம். என் இடத்தில் அவளைப் போல இன்னொரு பெண் சேர்ந்திருக்கலாம். அந்த நினைப்பு சில சமயம் வருகிறது.

முதல் நாள் ரெஜினா டீச்சர் சொன்னது: "இங்க பாதிப் புள்ளைங்க ஒடிசா, பீகார். ஒவ்வொரு அம்மாகிட்டயும் போய்க் கேளுங்க. தண்ணிக்கு, பசிக்கு, வலிக்கு, தூக்கத்துக்கு வீட்டுல என்ன சொல்வாங்கன்னு. நாம மொதல்ல அவங்க பேச்சுக்குப் போவோம். அவங்க நம்ம பேச்சுக்கு மெதுவா வரட்டும்."

நான் தலையாட்டினேன். வாரம் ஒருமுறை எழுதச் சொன்னதும் அவர்தான்.

ஜூன் 15, ஞாயிறு

இந்த வாரம் மிகவும் சந்தோஷமான வாரம்.

என் பொறுப்பில் விட்ட குழந்தைகளில் லிப்சா என்று ஒருத்தி. இரண்டு வயது ஆகப்போகிறது. ஒடிசாக்காரர்கள். அம்மா சஸ்மிதா தையல் லைனில் இருக்கிறாள். அப்பா மனோஜ் இதே கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறான். லிப்சாவுக்குத் தலைமுடி தேங்காய் நார் மாதிரி நிற்கும். எதையும் இரண்டு கையாலும்தான் வாங்குவாள். மற்றக் குழந்தைகள் அழும்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், ஒன்றும் செய்யமாட்டாள், சும்மா உட்கார்ந்திருப்பாள்.

திங்கட்கிழமை என்னிடம் வந்து "பாணி" என்றாள். கை தண்ணீர் டிரம்மைக் காட்டியது. தண்ணீர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டில் நின்ற காலத்தில் ஒடிசாப் பையன்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. டம்ளரில் பிடித்தேன். அவளிடம் காட்டினேன். பிறகு முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். "தண்ணி" என்றேன்.

"பாணி."

"பாணி எனக்குத் தெரியாதே கண்ணு. தண்ணி."

பிரவீணா வேறொரு குழந்தைக்கு ஜட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். "அப்பாரு, பாவங்க, குடுத்துருங்க" என்றாள்.

"இரு அம்மணி. இப்பச் சொல்லிருவா பாரு."

லிப்சா என் பின்னால் சுற்றி வந்தாள். நானும் சுற்றினேன். அவள் விளையாட்டு என்று முதலில் சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். கொஞ்சம்தான். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை "தன்னி" என்றாள். எவ்வளவு தெளிவாகச் சொன்னாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மூச்சு விடாமல் குடித்தாள். நான் கை தட்டினேன்.

ஒரு சொல்லை ஒரு உயிருக்குள் வைப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. என் சொந்தப் பிள்ளைகள் பேசக் கற்றபோது நான் பட்டறையில் இரவு ஷிப்ட்.

வீட்டில் சொன்னேன். பாவாத்தாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "பெத்த புள்ளைக்கு ஒருக்கா கால் கழுவி உட்டதில்ல, இப்ப வாத்தியாரு" என்றாள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஜூன் 18, புதன்

இன்று 'பால்', 'சோறு', 'வா'. எல்லாம் அதே முறையில்.

வெயில் அதிகம். டிரம் மத்தியானமே காலி.

ஜூன் 22, ஞாயிறு

லிப்சா என்னை அப்பாரு என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். பிரவீணா சொல்வதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள். காலையில் அம்மா இடுப்பிலிருந்து என் பக்கம் சாய்கிறாள். அம்மா கையை எடுப்பதற்குள் கீழே நழுவி ஓடி வருகிறாள்.

வெள்ளிக்கிழமை மாலை சஸ்மிதா கூட்டிப்போக வந்தாள். அவளுக்கு எங்கள் பேச்சு அரைகுறை. "பாப்பா சாப்ட்டா?" என்று கேட்பாள், "நல்லா சாப்ட்டா" என்பேன், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அன்று லிப்சா அவளிடம் ஏதோ கேட்டாள். சோறு வேண்டும் என்று கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. சஸ்மிதா குனிந்து மறுபடி கேட்டாள். லிப்சா மறுபடி சொன்னாள். சஸ்மிதா என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, என்ன சொல்றா?"

"சோறு கேக்கறா. பசிக்குதாமா."

சஸ்மிதா சிரித்தாள். ஓவர்டைம் செய்த களைப்பு முகத்தில் இருந்தது. லிப்சாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டு அவர்கள் பேச்சில் ஏதோ சொன்னாள், லிப்சா கேட்டுக்கொண்டே என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். தாய்க்குப் பிள்ளை சொல்வதை நான்தான் எடுத்துச் சொன்னேன். களைப்பாகத்தான் இருந்திருப்பாள்.

நேற்று ரெஜினா டீச்சர் கேட்டார். "அம்மாங்ககிட்ட வார்த்தை கேட்டுட்டீங்களா?"

"கேட்டேனுங்க" என்றேன்.

அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். இதை எழுதியே இருக்க வேண்டாம். எழுதிவிட்டேன், அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும்.

ஜூன் 29, ஞாயிறு

புதிய விளையாட்டு ஒன்று உண்டாக்கினேன். நான் "கண்ணு எங்க?" என்பேன். லிப்சா கண்ணைத் தொட்டு "கண்ணு" என்பாள். மூக்கு, காது, வாய் எல்லாம். கடைசியில் இருவரும் கை தட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை கேட்டில் சஸ்மிதாவுக்குச் செய்து காட்டினோம். "காது எங்க?" என்றேன். லிப்சா காதைப் பிடித்துக்கொண்டு "காது" என்றாள். சஸ்மிதா கை தட்டினாள். வரிசையில் நின்ற மற்றத் தாய்மார்களும் தட்டினார்கள். சஸ்மிதாவும் அதைக் கற்றுக்கொண்டு போனாள்.

எனக்கு ஒரே பெருமை. பாவாத்தாளுக்கு வரும் வழியில் மல்லிகைப்பூ வாங்கினேன்.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று லிப்சா வரவில்லை. இன்று காலை சஸ்மிதா குழந்தை இல்லாமல் வந்தாள், டீச்சரிடம் லீவு சொல்ல. மனோஜும் கூட வந்திருந்தான். அவனுக்குத் தமிழ் நன்றாக வரும். அவன்தான் சொன்னான்.

சனிக்கிழமை இரவு அவனுக்கு நைட் ஷிப்ட். அறையில் சஸ்மிதாவும் குழந்தையும் மட்டும். லிப்சா தூங்காமல் எழுந்து உட்கார்ந்து, காதைப் பிடித்துக்கொண்டு "காது, காது" என்றிருக்கிறாள். சஸ்மிதா கேட்டில் பார்த்த விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டியிருக்கிறாள். லிப்சா மறுபடி "காது" என்றிருக்கிறாள். அவள் மறுபடி தட்டியிருக்கிறாள். பிறகு குழந்தை அழுதபோது தூக்கம் கேட்டு அழுகிறாள் என்று மடியில் போட்டு ஆட்டியிருக்கிறாள். விடிந்து பார்த்தால் தலையணையில் சீழ்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். காதுச் சவ்வில் ஓட்டை விழுந்திருக்கிறதாம். மருந்து விட்டால் மூடிக்கொள்ளும், பயப்பட வேண்டாம் என்றார்களாம்.

மனோஜ் டீச்சரிடம் சொன்னான்: "மேடம், எங்க பாஷைல காதுக்குக் 'கான'. வலிச்சா 'கான பிந்துச்சி'ன்னு சொல்லணும். சொன்னா இவளுக்குத் தெரிஞ்சிருக்கும். பாப்பா சொல்லல. அம்மாகிட்ட அம்மா பாஷை பேசலன்னா என்ன அம்மா? இவ புள்ளைகிட்ட பேசறதே இல்ல. எப்பப் பாரு ஓவர்டைம்."

சஸ்மிதா தரையைப் பார்த்து நின்றாள். அவள் கைகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

"சளி பிடிச்சா காது வலி வரத்தான் செய்யும், யாரையும் குத்தம் சொல்லாதீங்க" என்றார் டீச்சர். அவர் என்னையும் பார்த்துத்தான் அதைச் சொன்னார். நான் குழந்தைகள் படுக்கும் மேட்டை, ரப்பர் விரிப்பை, மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

வியாழக்கிழமை லிப்சா வந்தாள். ஒரு காதில் பஞ்சு. வந்தாள், உட்கார்ந்தாள். என்னிடம் ஓடி வரவில்லை. யாரிடமும் போகவில்லை. நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், பிறகு கையில் உள்ள டப்பா மூடியைப் பார்க்கிறாள். பேச்சு இல்லை. எங்கள் பேச்சும் இல்லை, அவர்கள் பேச்சும் இல்லை.

காது கேட்கவில்லையோ என்று பயந்து பின்னால் நின்று கை தட்டினேன். திரும்பினாள். கேட்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்ததை எழுத வேண்டும். இரண்டு நாளாக எழுதாமல் தள்ளுகிறேன்.

மற்றக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். லிப்சா எழுந்து டிரம்முக்கு முன்னால் போய் நின்றாள். உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கேட்கவில்லை. கையும் காட்டவில்லை. சும்மா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது, நான் பார்த்தபோது நின்றுகொண்டிருந்தாள்.

உடனே ஓடிப்போய் டம்ளரில் பிடித்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். நான் இன்னும் பக்கத்தில் நீட்டினேன். "குடி கண்ணு" என்றேன். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தாள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அதைச் செய்தால்தான் தண்ணீர், அது என்ன என்று தெரியவில்லை, அப்படி ஒரு பார்வை.

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் குடிக்கும் சத்தம் கேட்டது.

ஜூலை 7, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 9, புதன்

லிப்சாவை ஒடிசாவுக்கு அனுப்பப் போகிறார்களாம். மனோஜின் அம்மா அங்கே இருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிற சொந்தக்காரர் ஒருவருடன் குழந்தை போகும். சஸ்மிதா இங்கேயே இருந்து வேலை செய்வாள். "பிள்ளை பேச்சு கற்கிற வரை அங்கே இருக்கட்டும், இவளால் முடியவில்லை" என்று மனோஜ் முடிவு செய்துவிட்டான். பிரவீணா சொன்னாள். சஸ்மிதா தையல் லைனில் அழுதுகொண்டே தைத்தாளாம். சூப்பர்வைசர் கண் வலியா என்று கேட்டாராம்.

இரண்டு வயதுப் பிள்ளை. ரயிலில் இரண்டு ராத்திரி. அதன் பிறகு அம்மாவைப் பார்க்க அடுத்த வருடம்.

நான் சொன்னால் என்ன ஆகும் என்று நாள் முழுக்க நினைத்தேன். என்னைப் பயிற்சியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அது போகட்டும். இன்னொன்றும் ஆகும். 'இந்த இடமே சரியில்லை' என்று மனோஜ் பிள்ளையை இன்னும் சீக்கிரம் அனுப்பிவிடுவான். அதனால் சொல்லாமல் இருப்பதுதான் லிப்சாவுக்கு நல்லது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் சோறு இறங்கவில்லை.

பாவாத்தாள் தட்டைப் பார்த்தாள். "ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரை எப்படிப் பின்னால் வைத்தேன் என்று கையால் காட்டினேன். அவள் தடுக்கவில்லை, முடியும் வரை கேட்டாள்.

"அந்தப் புள்ள கேட்டது தண்ணின்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க மறைச்சீங்க?"

"சொல்லிக் குடுக்கத்தான்."

"உங்களுக்கு டீச்சரு மறைச்சது பன்னு. நீங்க அறுவது வயசு ஆளு, பசிச்சா எந்திரிச்சு வந்து ஊட்டுல சோறு தின்னுக்குவீங்க. அவ எங்க போவா?"

அவள் என் தட்டிலிருந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள்.

"சொல்லாம இருந்தா அந்தப் பொண்ணுமேல பழி. சொன்னா உங்கமேல. இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க?" என்றாள். "உங்களுக்கு அந்த ரூமுக்குப் போகோணும். அதான் இருக்குது."

அதுதான் இருக்கிறது. அவள் சொன்னதற்குப் பிறகு அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ரெஜினா டீச்சரிடம் சொன்னேன். காலையில் குழந்தைகள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். அவர் பொம்மைகளை சோப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கை நின்றுவிட்டது.

"அம்மாகிட்ட கேட்டேன்னு சொன்னீங்களே."

"பொய்யிங்க."

"எத்தன நாள் இப்படிச் செஞ்சீங்க?"

"ரெண்டு வாரத்துக்கு மேலிங்க."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க கெட்டவர் இல்ல. அது எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "குழந்தைக்குத் தண்ணி மறுக்கறதெல்லாம் சும்மா விடற விஷயமில்ல. மேல சொல்லித்தான் ஆகணும். அவங்க போகச் சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இருக்கச் சொன்னா முதல்லருந்து ஆரம்பிக்கணும். அது வரைக்கும் குழந்தைங்க பக்கத்துல வரக்கூடாது. பின்பக்கம் மேட்டு கழுவுங்க, டம்ளர் கழுவுங்க."

"சரிங்க."

"அந்த அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நானே சொல்றேனுங்க."

பின்பக்கம் போனபோது பிரவீணா என் பின்னாலேயே வந்தாள். "அப்பாரு, நானும் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். ஒரு தடவ சொல்லிட்டு உட்டுட்டேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் தப்பு அவள் மேலேயும் தெறித்திருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று மாலை சஸ்மிதாவிடம் சொன்னேன். கேட்டுக்கு வெளியே, மற்றவர்கள் போன பிறகு. லிப்சா அவள் இடுப்பில் இருந்தாள், அதனால் பிரவீணா வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். நான் கையோடு ஒரு டம்ளர் கொண்டுபோயிருந்தேன். எனக்கு அவள் பேச்சு தெரியாது, அவளுக்கு என் பேச்சு முழுதாகத் தெரியாது. அதனால் செய்து காட்டினேன்.

"லிப்சா, பாணி" என்றேன். டம்ளரைக் காட்டினேன். முதுகுக்குப் பின்னால் வைத்தேன். தலையை ஆட்டினேன். "தண்ணி சொன்னா குடுத்தேன். பாணி சொன்னா குடுக்கல."

அவளுக்குப் புரியவில்லை. புரியவில்லையா, புரிந்ததை நம்பவில்லையா தெரியாது. மறுபடி செய்து காட்டினேன். தெருவில் ஒரு கிழவன் டம்ளரை ஒளித்து ஒளித்துக் காட்டுவதை டீக்கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"பாப்பா அழுதா?"

"அழுதா."

"நீ குடுக்கல."

"குடுக்கல."

அவள் இதுவரை என்னை நீ என்று சொன்னதில்லை. தாத்தா என்றுதான் சொல்வாள். டம்ளரை என் கையிலிருந்து வாங்கினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். டம்ளரைத் தரையில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கி எங்க ரூம் வா. அவர்கிட்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டார். நீ சொல்லு" என்றாள்.

இன்று போனேன். பாவாத்தாள் கூப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள்.

கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரே அறை. மனோஜ் பாய் விரித்தான். லிப்சா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். என்னைப் பார்த்தாள். வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

மனோஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ உங்க பேச்சு மறந்தது சஸ்மிதாவால இல்ல தம்பி. நான் மறக்கடிச்சேன். காது விளையாட்டும் நான் சொல்லிக் குடுத்ததுதான். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

பக்கத்து அறையில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள், அது விசில் அடித்து நின்றது.

"தாத்தா, நான் இந்த ஊருக்கு வந்து எட்டு வருசம்" என்றான். "வந்தப்ப மெஸ்ஸுல இருந்த ஆளு தமிழ்ல கேட்டாத்தான் சோறு போடுவாரு. சோத்துக்கு எங்க பாஷைல 'பாத'ன்னு சொன்னா சிரிப்பாரு, பக்கத்துல இருக்கறவங்களையும் சிரிக்க வப்பாரு. தட்டு கைல, நான் நிப்பேன். கத்துக்கிட்டேன். இப்ப நல்லா பேசறேன்ல?"

"நல்லாப் பேசறீங்க."

"அந்த மெஸ்ஸுக்கு அப்பறம் நான் போனதே இல்ல. நான் பெரிய ஆளு, வேற மெஸ்ஸு இருந்துச்சு."

நான் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்னது நல்லது" என்றான். "ஆனா டிக்கெட் எடுத்தாச்சு. இது தெரிஞ்ச பொறகு பாப்பா ரூம்ல எப்படி உடறது? ஊருக்கே போகட்டும்."

நான் பயந்தது அதுதான். எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

அப்போது சஸ்மிதா பேசினாள். அவர்கள் பேச்சில், வேகமாக, நிறுத்தாமல். இவ்வளவு பேசக்கூடியவள் என்று நான் நினைத்ததில்லை. என்னிடம் அவள் பேசியதெல்லாம் பாப்பா சாப்ட்டா, பாப்பா தூங்கினா, அவ்வளவுதான். அதனால் அவளுக்குள் பேச்சே குறைவு என்று நினைத்திருந்தேன். ஒரு கையை நீட்டி என்னைக் காட்டினாள். அதே கையைத் தன் நெஞ்சில் வைத்தாள். மனோஜ் நடுவில் ஏதோ சொல்லப் பார்த்தான், அவள் விடவில்லை. லிப்சா அம்மாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து அவள் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் மனோஜ் தலையைச் சொறிந்தான். பாதிச் சிரிப்பு வந்தது அவனுக்கு.

"என்னங்க சொல்லுச்சு?" என்று பாவாத்தாள் கேட்டாள்.

"தப்பு தாத்தாது, தூரமா அனுப்பறது எம் புள்ளையவான்னு கேக்கறா. ஓவர்டைம் இனி செய்ய மாட்டாளாம். பாப்பா எங்கயும் போகாதாம். பேச்சு அவளே சொல்லிக் குடுப்பாளாம்." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "பாப்பா ரூம்ல உடுவா. ஆனா உங்ககிட்ட இல்ல. அந்தப் பொண்ணு பிரவீணாகிட்ட. நீங்க பாப்பாவத் தொடக்கூடாதாம்."

"ஞாயந்தானுங்க" என்றாள் பாவாத்தாள்.

நானும் சரி என்றேன். டிக்கெட்டை என்ன செய்யப் போகிறான் என்று மனோஜ் சொல்லவில்லை. சஸ்மிதா எங்களுக்கு டீ கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். அதைக் குடிப்பதுதான் இன்றைக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ரயில் போய்விட்டது. லிப்சா போகவில்லை.

மேலே இருந்து பதில் வந்தது. நான் இருக்கலாம், பயிற்சி மறுபடி முதலிலிருந்து. பிரவீணா எனக்கு முன்னால் முடித்துவிடுவாள். "அப்பாரு, அப்ப நான் உங்களுக்கு மேடம்" என்றாள். அவள் சிரித்து எவ்வளவோ நாள் ஆகிறது.

வாரம் முழுக்கப் பின்பக்கம் மேட்டு கழுவினேன். ரப்பர் மேட்டு, சோப்புப் போட்டால் வழுக்கும். ஜன்னல் ஒன்று இருக்கிறது. நின்று பார்த்தால் உள்ளே தெரியும். நான் பார்ப்பதில்லை. வாக்குக் கொடுத்தது தொடமாட்டேன் என்றுதான், பார்ப்பது அதில் இல்லை. ஆனாலும் பார்ப்பதில்லை. லிப்சா உள்ளே இருக்கிறாள் என்று தெரியும், காலையில் கேட்டில் அவர்கள் வருவதற்கு முன்பே நான் பின்பக்கம் போய்விடுகிறேன். மேட்டைக் கழுவி முடித்தபின் கழுவின மேட்டையே மறுபடி கழுவுகிறேன். டீச்சர் பார்த்துவிட்டுப் போனார். இது எதற்கும் ஈடாகாது என்று எனக்குத் தெரியும். கை சும்மா இருந்தால் டம்ளரைப் பிடித்திருப்பது போல இருக்கிறது.

திங்கள் லிப்சாவின் குரல் இல்லை. செவ்வாய் இல்லை. புதன்கிழமை ஒரு தடவை அழுகை, அது வேறு குழந்தை.

நேற்று மத்தியானம் மேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ கவிழ்ந்த சத்தம். பிறகு ஒரு குரல். அவள் குரல். ஒரு சொல் இல்லை, இரண்டு சொல் இல்லை. நீளமாக, ஏறி இறங்கி, நடுவில் மூச்சு வாங்கி மறுபடி தொடங்கி. சஸ்மிதா அன்று அறையில் பேசினாளே, அதே மாதிரி. அவள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

பிரவீணா வெளியே வந்தாள். கன்னத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"அப்பாரு, என்னைய வெளுத்து வாங்கறாளுங்க. கிண்ணத்தத் தட்டி உட்டுட்டு எனக்கே திட்டு. என்ன சொல்றான்னே தெரியல."

"நீ என்ன செஞ்ச?"

"தெரியலீங்க. சாயங்காலம் அவங்கம்மாகிட்டத்தான் கேக்கோணும்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

குரல் நிற்கவில்லை. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஒன்றுகூட என்னுடைய சொல் இல்லை. சோப்பு நுரை கையில் காயும் வரை நின்று கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. இருக்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் இருந்தது.

அவள் என்ன சொன்னாள் என்று மாலையில் சஸ்மிதா பிரவீணாவிடம் சொல்லியிருப்பாள். பிரவீணாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று முதலில் யோசிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு உட்காரும்போது அதற்கு ஒரு பதில் இருந்தால், அதை எழுதுகிறேன். இல்லாவிட்டாலும் எழுதுகிறேன்.